எட்டு ஞாயிறு, எட்டாயிரம் ரூபாய்: நாய்ப் பயிற்சி வகுப்பு தேவையா?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், இடது கைப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அதற்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் ஒரகடம். 1990-களின் கடைசியில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. இவற்றோடு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைபேசி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. ஆலைகளுக்குப் பின்னால் அடுக்குமாடிகளும் தனி வீட்டு மனைகளும் வந்தன. வீடுகளுக்குப் பின்னால் நாய்கள் வந்தன.

வேலைக்காக மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து இங்கே வீட்டுக் கடன் போட்டுக் குடியேறிய இளம் தம்பதிகள், பிள்ளை ஆசைப்படுகிறது என்று ஒரு லேப்ரடார் குட்டியை வாங்குகிறார்கள். ஊரில் இருந்தபோது நாய்க்குத் திண்ணையும் தெருவும் இருந்தன. இங்கே இரண்டு படுக்கையறை வீடு, ஒரு பால்கனி, லிஃப்ட், கீழே காவலாளி, கேட்டுக்கு வெளியே டீக்கடையைச் சுற்றிப் பத்துத் தெரு நாய்கள், அதற்கும் வெளியே கன்டெய்னர் லாரிகள். குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்போது வீட்டுக்காரர் தேடத் தொடங்குகிறார்: “நல்ல ட்ரெய்னர் யாராவது இருக்காங்களா? குரூப் கிளாஸ் போடலாமா? அவ்வளவு காசு கொடுத்துப் போகணுமா?”

இந்தக் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு வயது நான்கு மாதத்துக்குள் இருந்தால், குழு வகுப்புக்குக் கொடுக்கும் காசு நாய்க்காக நீங்கள் செய்யும் செலவுகளிலேயே நல்ல செலவு. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தினமும் நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் யாரோ அவரே வகுப்புக்கு வர வேண்டும். வகுப்பில் அடியும் கழுத்து நெரிப்பும் இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் இருப்பதே மேல்.

முதலில் பணக் கணக்கு. வாரம் ஒரு மணி நேரம், எட்டு வாரம், 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொகை ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் போக்கு மாறாது. மணிக்கு ஆயிரம் ரூபாய் என்றால் அதிகமாகத்தான் தெரிகிறது. அந்த ஒரு மணி நேரத்திலும் பயிற்சியாளர் உங்கள் நாயை நேரடியாகக் கவனிப்பது பத்து நிமிடம் இருந்தால் பெரிது. மீதி நேரம் மற்றவர்களின் நாய்களுக்குப் போய்விடும். இதே காசுக்கு வீட்டுக்கே வருபவர் முழு ஒரு மணி நேரமும் என் நாயோடு இருப்பாரே என்று பலர் நினைப்பது இதனால்தான்.

ஆனால் நாய் கற்பது அந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை வீட்டில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் செய்து பார்த்தால், எட்டு வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மைதானத்தில் கழிந்தது வெறும் எட்டு மணி நேரம்தான். அந்த 18 மணி நேரத்தையும் சரியாகச் செய்யத் தெரிந்துகொள்வதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். வீட்டில் செய்யப் போவதில்லை என்றால் வகுப்பு வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

“ஷிஃப்ட் மாறி மாறி வருது சார், தினமும் எப்படி முடியும்?” என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்பார்கள். காலை ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான்கரைக்கே எழுபவர் நாய்க்கு ‘உட்காரு’ சொல்லிக் கொடுக்க எங்கே போவார்? அவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. டென்மார்க்கில் மேயர், லாடெவிக் என்ற ஆய்வாளர்கள் பீகிள் நாய்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு முறையும் இன்னொன்றுக்கு வாரம் ஐந்து முறையும் ஒரே வித்தையைக் கற்பித்தார்கள். 2008-ல் வெளிவந்த முடிவின்படி, வாரம் ஒரு முறை பயின்ற நாய்களுக்குக் குறைந்த எண்ணிக்கையிலான பாடங்களே போதுமாக இருந்தன. நாள்கணக்கில் கூடுதலாக ஆனாலும், பாடக்கணக்கில் குறைவு. இடைவெளி விட்டுக் கற்பது நாயின் மூளைக்கு ஏற்றதாகவே இருக்கிறது. இரவு ஷிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. மொத்தமாக விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

எப்போது சேர்ப்பது என்பதில்தான் நம் ஊரில் பெரிய குழப்பம். “ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் ட்ரெய்னிங் கொடுக்கலாம்” என்பது எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. இந்த ஆறு மாதக் கணக்கு போலீஸ், ராணுவ நாய்களுக்குப் பயிற்சி கொடுத்த பழைய முறையிலிருந்து வந்தது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய கையேடு அந்த முறையின் மூலநூல்களில் ஒன்று. கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுத்துத் திருத்தும் பயிற்சி அது. அதைத் தாங்க நாய் வளர்ந்திருக்க வேண்டும், அதனால் காத்திருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் கால்நடை மருத்துவரான இயன் டன்பார், அமெரிக்காவின் பெர்க்லியில், குட்டிகளைக் கயிறில்லாமல் ஒன்றாக விட்டு விளையாட்டோடு பாடம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் குட்டி வகுப்பு என்ற எண்ணமே பரவியது.

அதற்கு அறிவியல் அடித்தளம் முன்பே இருந்தது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, நாய்க்குட்டி உலகத்தோடு ஒட்டிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரத்தோடு ஒடுங்கத் தொடங்குகிறது என்று காட்டியது. அந்தப் பருவத்தில் குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதெல்லாம் அதற்குப் பிறகு சாதாரணம். பார்க்காதது அந்நியம்; அந்நியமானதைக் கண்டால் பயம்; பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது.

நம் நாட்டில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. ஆக, முறையாக வாங்கினால் குட்டி உங்கள் வீட்டுக்கு வரும்போதே எட்டு வாரம் முடிந்திருக்கும். கையில் மிச்சமிருப்பது நான்கைந்து வாரம். ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருப்பவர், கதவு சாத்தப்பட்ட பிறகு வந்து நிற்கிறார். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அன்பில்லாமல் யாரும் காத்திருப்பதில்லை; சரியான சமயத்தில் சொல்ல ஆளில்லாமல் காத்திருக்கிறார்கள்.

“தடுப்பூசி முடியாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே?” நியாயமான அச்சம். பார்வோ வைரஸ் குட்டியை இரண்டு மூன்று நாளில் சாகடித்துவிடும். இரு பக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நான்கு நகரங்களில் 1,012 குட்டிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. தடுப்பூசி தொடங்கி வகுப்புக்குப் போன குட்டிகளில் ஒன்றுக்கும் பார்வோ வரவில்லை. அங்குள்ள விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆனதும் ஏழெட்டு வாரக் குட்டியைக்கூட வகுப்பில் சேர்க்கலாம் என்று 2008-லேயே அறிவித்தது.

ஆனால் அது அமெரிக்கா. அங்கே தெருவில் இந்த அளவுக்கு நாய் இல்லை. இங்கே காலி மனையில், ஏரிக்கரையில், தெரு நாய்கள் நேற்று இருந்த அதே மண்ணில் நடக்கும் வகுப்புக்குப் பத்து வாரக் குட்டியைக் கொண்டுபோகாதீர்கள். சுற்றுச்சுவர் உள்ள, கழுவிவிடக்கூடிய தரை உள்ள இடமாக இருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு நாயின் தடுப்பூசி அட்டையையும் பயிற்சியாளர் வாங்கிப் பார்க்க வேண்டும். உண்ணியைப் பற்றியும் கேட்க வேண்டும். சென்னைச் சுற்றுவட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் புதிதில்லை. புல்வெளியில் ஒரு மணி நேரம் பத்து நாய்கள் புரண்டால் உண்ணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகத்தான் செய்யும். அட்டை கேட்காத வகுப்பு என்றால், முதல் நாளே திரும்பிவிடுங்கள்.

சரி, நல்ல வகுப்பில் அப்படி என்னதான் நடக்கும்? ‘உட்காரு’, ‘படு’, ‘இரு’ எல்லாம் இணையத்தில் வீடியோ பார்த்தே சொல்லிக் கொடுத்துவிடலாம். வீடியோவால் தர முடியாதது ஒன்று இருக்கிறது: இன்னொரு நாய் பத்தடியில் நிற்கும்போது உங்கள் நாய் உங்களைத் திரும்பிப் பார்ப்பது.

இதை நெருங்கிப் பார்ப்போம். ஆறேழு குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே நல்ல இடைவெளி. உங்கள் இடுப்புப் பையில் வேகவைத்த கோழி ஈரல், பொட்டுக்கடலை அளவுக்குச் சிறுசிறு துண்டுகளாக. உங்கள் குட்டி எதிரே நிற்கும் குட்டியைக் கண்டு விறைத்து நிற்கிறது. காது முன்னே வந்திருக்கிறது, வாய் மூடியிருக்கிறது. நீங்கள் பெயரைக் கூப்பிடுகிறீர்கள், காதிலேயே விழவில்லை. நம் கை தானாகவே லீஷை இழுக்கும். பயிற்சியாளர் உங்கள் கையைத்தான் நிறுத்துவார். “இழுக்காதீங்க. நாலு அடி பின்னால வாங்க. இப்ப கூப்பிடுங்க.” தூரம் கூடியதும் குட்டியின் உடல் தளர்கிறது, தலை திரும்புகிறது. திரும்பிய அந்த நொடியிலேயே “குட்!” சொல்லி ஈரல் துண்டு வாய்க்குப் போக வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால், அதற்குள் அது மறுபடி எதிரே பார்த்திருக்கும். எதிரே பார்த்ததற்குத்தான் கூலி கொடுத்ததாக ஆகிவிடும். அடுத்த சுற்றில் ஒரு அடி குறைக்கிறீர்கள். அதற்கடுத்து இன்னொரு அடி.

தெரு முனை டீக்கடையில் தெரு நாய்களைத் தாண்டிப் போவதற்கும், லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே இன்னொரு நாய் நிற்பதற்கும், லாரியின் ஹார்ன் பக்கத்தில் அலறுவதற்கும் தேவைப்படுவது இந்த ஒரே பாடம்தான். வீட்டுக்கு வரும் பயிற்சியாளரோடு ஹாலில் இதைச் செய்ய முடியாது. ஹாலில் இன்னொரு நாய் இல்லை. வீட்டில் எல்லாக் கட்டளைக்கும் பணியும் நாய், வெளியே வந்ததும் எதுவும் தெரியாததுபோல் இழுப்பது இதனால்தான். குழு வகுப்பில் ‘மற்ற நாய்களுக்குப் போகும் நேரம்’ வீண் என்று மேலே ஒரு கணக்கு வந்ததே, அந்த நேரத்திலும் உங்கள் நாய் பாடம் படித்துக்கொண்டேதான் இருக்கிறது: பக்கத்தில் நாய்கள் இருந்தும் அமைதியாக இருப்பது என்ற பாடம்.

இன்னொன்றும் வகுப்பில்தான் வெளிப்படும். அப்பா ‘சிட்’ என்கிறார், அம்மா ‘உக்காருடா’ என்கிறார், பாட்டி ‘உக்காரு கண்ணு, உக்காரு, உக்காருன்னா’ என்கிறார். மூன்றும் நாய்க்கு மூன்று ஒலி. முதல் வகுப்பிலேயே குடும்பமே உட்கார்ந்து ஒரே சொல்லை முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் வாய்க்கு வரும் சொல்லையே வைத்துக்கொள்வது நல்லது. பகல் முழுக்க நாயோடு இருப்பவர்கள் அவர்கள்தானே.

இப்போது எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்று பார்ப்போம். நாயை ஒரு மாதம் பண்ணையில் விட்டுவிட்டால் ‘ஃபுல் ட்ரெய்னிங்’ முடித்துத் திருப்பித் தருவோம் என்கிறார்கள். குழு வகுப்பு, வீட்டுக்கு வரும் பயிற்சி, பண்ணை மூன்றிலும் அதிகச் செலவு இதுதான். நேரமில்லாத ஷிஃப்ட் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். உங்களுக்குப் பதிலாகத் தம்பியை டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு நீங்கள் வண்டியை எடுப்பதுபோல்தான் இது. நாய் அங்கே பயிற்சியாளரின் குரலுக்கும் கையசைவுக்கும் பழகியிருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும், பிறகு பழைய குருடி கதைதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எப்படிப் பழக்கினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. நாட்டிலேயே தேர்ந்த நாய்ப் பயிற்சி நடக்கும் இடங்களில் ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் பள்ளி. அங்கே நாயை மட்டும் அனுப்புவதில்லை. கையாளும் காவலரும் நாயும் ஜோடியாகப் பயின்று ஜோடியாகவே பணிக்குப் போகிறார்கள். குற்றவாளியைப் பிடிக்கும் நாய்க்கே அப்படியென்றால், குழந்தை இருக்கும் வீட்டு நாய்க்கு அதைவிடக் குறைத்துக்கொள்ள முடியுமா?

அடுத்தது, அடிக்கும் வகுப்பு. இறுகும் சங்கிலி, முள் பட்டை, மின்சாரப் பட்டை இவற்றில் எதையாவது கண்டால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளின் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். தண்டித்துப் பழக்கிய பள்ளி நாய்களிடம் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, ஒடுங்குவது போன்ற பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. பயிற்சிக்குப் பிறகு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் அதிகம் ஏறியிருந்தது. பயந்து அடங்கும் நாயைப் பார்த்துப் ‘பணிவு’ என்று நாம் மகிழ்கிறோம். அந்தப் பயம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மேல் பாயலாம். நாய்ப் பயிற்சியாளராக இன்ன படிப்பு வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. பலகை மாட்டியவர் எல்லாம் பயிற்சியாளர்தான். சோதித்துப் பார்க்க ஒரே வழி, நாயில்லாமல் போய் ஒரு வகுப்பை முழுக்கப் பார்ப்பது. ‘பார்க்கக் கூடாது’ என்றால் அதுவே பதில்.

வளர்ந்த நாய், ஏற்கெனவே யாரையோ கடித்திருக்கிறது, வேறு நாயைக் கண்டாலே பாய்கிறது என்றால் குழு வகுப்பு அதற்கான இடமில்லை. பயத்தின் நடுவே கொண்டுபோய்த் தள்ளுவது அதை இன்னும் மோசமாக்கும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலியோ மூட்டு வலியோ கூடக் கடிக்க வைக்கும். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வலி இல்லை என்று தெரிந்த பிறகு தனிப் பயிற்சிக்குப் போகலாம்.

நம் ஊர் இனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கின் பெயரையும் 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் சொன்ன பிறகு அவற்றின் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். ஈரலுக்காக இருபது முறை உட்காரும் லேப்ரடாரை வைத்துப் பழகிய பயிற்சியாளர், மூன்றாவது முறையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிப்பிப்பாறையை ‘அடங்காத நாய்’ என்று முத்திரை குத்துவார். அதை நம்பாதீர்கள். பாடத்தைச் சுருக்கி, ஓட்டத்தையே பரிசாகக் கொடுத்தால் அது அழகாகக் கற்கும். எவ்வளவு கற்றாலும் நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் லீஷைக் கழற்ற வேண்டாம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயையும் வகுப்புக்குக் கூட்டிப் போங்கள். அதற்கெல்லாம் எதற்கு வகுப்பு என்று கேட்பவர்கள் அதன் கூர்மையைப் பார்த்ததில்லை.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு சென்னை மாநகராட்சி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. செம்பரம்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவுக்கு எல்லை கிடையாது. வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கடியின் விலையோடு வைத்துப் பார்த்தால் வகுப்புக் கட்டணம் பெரிதில்லை. ஆனால் வகுப்புக்குப் போன நாய் கடிக்கவே கடிக்காது என்று எந்தப் பயிற்சியாளராவது உறுதி கொடுத்தால், அவரிடம் போகாதீர்கள்.

பணம் கட்டும் முன் இன்னும் சில நடைமுறை விஷயங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் வகுப்பு முடிகிறதா? உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பு நின்றுபோனால் வேறு நாள் தருவார்களா? ஷிஃப்ட் காரணமாக ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த குழுவில் அந்தப் பாடத்தைப் பார்க்கலாமா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை நாய்? ஆறேழுக்கு மேல் போனால் உங்கள் கையைத் திருத்த அவருக்கு நேரமிருக்காது.

கடைசியாக, குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய் வளர்ப்பதையோ லிஃப்ட்டில் கூட்டிப் போவதையோ சங்கம் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. தடுக்க முடியாததை எதிர்த்து ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் கிளப் ஹவுஸ் முற்றத்தைத் திறந்துவிடுங்கள். வளாகத்தில் நாய் வைத்திருக்கும் ஆறேழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல பயிற்சியாளரை அங்கேயே வரவழைக்கலாம். நாய்கள் தினமும் சந்திப்பது அந்த நாய்களைத்தான், அந்த லிஃப்ட்டைத்தான், அந்தக் காவலாளியைத்தான். நாய்க்குப் பயப்படும் குடும்பங்களும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். பூந்தமல்லி வரை போய்வரும் பெட்ரோலும் மிச்சம், பஸ்ஸைத் தவறவிடும் கவலையும் இல்லை. இந்த மாதச் சங்கக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். உங்கள் வளாகத்தில் புதிதாக வந்த குட்டிக்கு நேரம் குறைவாகத்தான் இருக்கிறது.